படைச்செலவும் பால்மரக் கூலியும்

திருவள்ளுவர் பொருட்பாலில் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறையை நம் தோழர்கள் கவனித்தல் நலம். 'நாடு' என்றார், அடுத்து 'அரண்' என்றார், அதன்பின் 'பொருள் செயல்வகை' என்றார், அதனைச் சொல்லி முடித்த பின்னரே 'படைமாட்சி' என்றார். படை பொருளால் நிற்பது. பொருள் நாட்டில் விளைவது. நாடோ உழைப்பவர் கையால் வாழ்வது. இவ்வரிசையைத் தலைகீழாக்கிப் படையை முன்னேயும் உழைப்பவனைக் கடைசியிலும் நிறுத்திய அரசுகள் உலகில் பலவாம். அவற்றுள் சில, நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்மீதும் ஆட்சி செலுத்தின.

ரந்தாவிலும் லாபுவிலும் பகாவிலும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் வந்து நின்று பெயர் கொடுத்தவர்கள், தம் உழைப்பின் ஒரு பங்கு பீரங்கிக்குப் போகின்றது என்பதை அறிந்தாரில்லை. அறிவதற்கு வழியும் இல்லை. கிராணியாரின் செக்ரோலில் 'யுத்தச் செலவு' என்றொரு வரி எழுதப்பட்டதில்லை. அச்செலவு ஒருகால் வரியாக வந்தது. ஒருகால் செல்லாத காகிதமாக வந்தது. ஒருகால் அரிசி விலையாகவும் முள்வேலியாகவும் வந்தது. வந்த வடிவம் வேறாயினும், கொடுத்த கை ஒன்றே.

ஆகவே, படைச்செலவு ஒரு நாட்டின் பொருள்வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை ஆராயப் புகும் நாம், மூன்று கேள்விகளைக் கையில் எடுத்துக்கொள்வோம். செலவு செய்யலாம் என்று தீர்மானித்தவர் யார்? பணம் கொடுத்தவர் யார்? செலவு முடிந்தபின் எஞ்சியது என்ன?

கடலுக்குப் போன வெள்ளி

1912-ஆம் ஆண்டில், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஐக்கிய மலாய் நாடுகள் என்னும் பெயரால் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் கூடிய கூட்டரசு மன்றம், பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு பெரும் போர்க்கப்பலைக் கட்டிக் கொடுப்பதென்று தீர்மானித்தது. 'மலாயா' என்பதே அக்கப்பலுக்கு இட்ட பெயர். இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையிலுள்ள ஆம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனியார் அதனைக் கட்டினர். 1915 மார்ச்சில் அது நீரில் இறக்கப்பட்டது. 1916 மே 31 அன்று ஜட்லாந்துக் கடற்போரில் ஜெர்மானியக் குண்டுகளை ஏற்றுத் தன் மாலுமிகள் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொடுத்தது.

அக்கப்பலின் விலை 20 லட்சம் பவுனுக்கு மேல். அந்நாளைய மாற்று விகிதப்படி மலாயா நாணயத்தில் இது 1 கோடியே 70 லட்சம் வெள்ளிக்கு மேலாகும். இத்தொகையை நாம் நம் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அக்காலத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் நாட்கூலி அரை வெள்ளியை எட்டவில்லை. அரை வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும், அக்கப்பலின் விலை 3 கோடியே 40 லட்சம் நாட்கூலி. அதாவது, தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் ஓராண்டு முழுதும் ஓய்வின்றி உழைத்துப் பெறும் கூலி.

தீர்மானித்தவர் யார்? அதிகாரிகளும் அரசர்களும் தோட்ட, சுரங்க முதலாளிகளும் அமர்ந்திருந்த மன்றம். தமிழ்த் தொழிலாளரின் பிரதிநிதியாக ஒருவரும் அங்கு இருந்ததில்லை. பணம் எங்கிருந்து வந்தது? ஈயத்தின்மீதும் ரப்பரின்மீதும் விதித்த ஏற்றுமதி வரியிலிருந்தும், அபினி விற்ற வருமானத்திலிருந்தும் நிரம்பிய பொக்கிஷத்திலிருந்து வந்தது. ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளி அபினியால் தன் உடலை அழித்துக்கொண்ட காசும், நம்மவர் பால்வெட்டிச் சேர்த்த ரப்பரின்மீது விழுந்த வரியும் ஒன்றாகக் கலந்தே அக்கப்பலின் எஃகாயின.

இங்குப் பொருளாதாரத்தின் பாடம் ஒன்றுண்டு. சர்க்கார் செலவழிக்கும் வெள்ளி எங்கே போய்ச் சேருகின்றது என்பது, எவ்வளவு செலவழிக்கின்றது என்பதற்குச் சற்றும் குறைந்த கேள்வியன்று. அக்கப்பலுக்குக் கொடுத்த பணம் டைன் நதிக்கரையில் இரும்பு வேலை செய்தவருக்குக் கூலியாயிற்று; அவ்வூர்க் கடைக்காரருக்கு வியாபாரமாயிற்று. சிரம்பான் கடைத்தெருவில் அதில் ஒரு காசும் புழங்கவில்லை. இதனோடு 1933-இல் போர்ட் டிக்சனில் நிகழ்ந்ததை ஒப்பிடுக. அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் 25 இளைஞரைக் கொண்டு மலாய் ரெஜிமெண்ட் அங்கே தொடங்கப்பட்டது. அப்படைவீரர் பெற்ற சம்பளம் அவ்வட்டாரக் கடையிலும் சந்தையிலும் செலவாயிற்று. அது மண்ணில் பெய்த மழை. கப்பலுக்குப் போனதோ கடலில் பெய்த மழை.

கப்பலோடு அவ்வழக்கம் நின்றதா? இல்லை. சிங்கப்பூரில் கடற்படைத் தளம் அமைப்பதற்காக 1926-இல் இதே நாடுகள் மேலும் 20 லட்சம் பவுன் கொடுத்தன. பின்னர் உலக மந்தம் வந்தது. 1932-இல் ஒரு ராத்தல் ரப்பர் 5 காசு அளவுக்கு வீழ்ந்தது. தோட்டங்கள் கூலியைக் குறைத்தன, ஆட்களை நிறுத்தின. லட்சத்துக்கு மேற்பட்ட நம்மவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நல்ல காலத்தில் தளத்துக்கு வாரிக் கொடுத்த பொக்கிஷம், கெட்ட காலத்தில் தொழிலாளிக்குக் கொடுத்தது கப்பல் சீட்டு ஒன்றே.

நாட்டைக் காப்பதற்குப் படை வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும், அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், கொடுத்த பணத்துக்குக் காவல் கிடைத்ததா என்று கேட்கும் உரிமையும் கொடுத்தவனுக்கு உண்டன்றோ? 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியபோது, 'மலாயா' என்னும் கப்பல் மலாயாக் கடலில் இல்லை. காக்க வந்த வேறு இரண்டு பெருங்கப்பல்களும் டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. 1942 ஜனவரியில் சிரம்பான் வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது.

அச்சடித்த யுத்தம்

வரி வாங்கி யுத்தம் செய்வது ஒரு முறை. வரியும் வாங்காமல், கடனும் வாங்காமல், நோட்டை அச்சடித்தே யுத்தம் செய்வது மற்றொரு முறை. ஜப்பானியர் மலாயாவில் கைக்கொண்டது இரண்டாவது முறை. வாழைமரம் பொறித்த அவர்தம் 10 வெள்ளி நோட்டை நம் பெரியோர் பலர் கண்டிருக்கின்றனர். மலாய்க்காரர் அதனை 'டூயிட் பிசாங்' என்றனர். தொடக்கத்தில் நோட்டுகளில் தொடரெண் இருந்தது. பின்னர் அதுவும் மறைந்தது. எண்ணே இல்லாத நோட்டை எவ்வளவு அடித்தனர் என்று யார் எண்ணுவார்?

அச்சடித்த நோட்டால் அரிசி விளையாது. யுத்தத்துக்கு முன் மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல்கள் படைக்கென்று எடுத்துக்கொள்ளப்பட்டமையால் அவ்வரவு சுருங்கிற்று. ரப்பரை வாங்கிவந்த அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகளாகிவிட்டமையால் பால்மரம் பயனற்றதாயிற்று. பல தோட்டங்களில் மரத்தை வெட்டி மரவள்ளி நட்டனர். சிங்கப்பூரின் உணவுப் பஞ்சத்தைத் தணிக்கவென்று யூரேசியரும் கத்தோலிக்கரும் பகாவுக்குக் குடியேற்றப்பட்டதும், அவருட் பலர் மலேரியாவுக்கு இரையானதும் நெகிரி செம்பிலான் வரலாற்றின் ஓர் ஏடாம்.

பொருள் குறைந்து நோட்டு பெருகினால் விலை ஏறும் என்பது சந்தைக்குப் போகும் எந்தத் தாய்க்கும் தெரிந்த கணக்கு. ஆயின், அவ்விலையேற்றமும் ஒரு வரியே என்பதை நம்மவர் உணரவேண்டும். ஜப்பானியச் சர்க்கார் புதிய நோட்டைக் கொடுத்துப் படைக்குப் பண்டம் வாங்கிற்று. அதனால் தொழிலாளி கையிலிருந்த பழைய நோட்டின் மதிப்புக் குறைந்தது. குறைந்த மதிப்பு எங்கே போயிற்று? படைக்குப் போயிற்று. வீட்டுக்குள் வராமலே பெட்டியைத் திறக்கும் திருடன் போன்றது இவ்வரி. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்து, அந்நோட்டு இனிச் செல்லாது என்றனர். மூன்றரை ஆண்டுச் சேமிப்பு ஒரு நாளில் குப்பையாயிற்று. தகரப் பெட்டியின் அடியில் கட்டுக்கட்டாக வைத்திருந்த குடும்பங்கள், அதனைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தன.

பணத்தால் கொடுத்தது இது. உடலால் கொடுத்ததோ இதனினும் கொடிது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம்–பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர் நீளமுள்ளது. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் அனுப்புவதே அதன் நோக்கம். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். அவருட் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். நல்ல கூலி என்றும், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றும் சொல்லி அழைத்தனர். ஆள் குறைந்தபோது பலவந்தமாகவும் பிடித்தனர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர் ஆயிரமாயிரம். படைச்செலவு என்றால் வெள்ளி மட்டுமே என்று எண்ணுவோர், அவர்கள் திரும்பி வராத லயன்களை நினைத்துப் பார்க்கட்டும்.

இவ்விருட்காலத்திலும் ஒரு வேறுபாட்டைக் குறித்தல் கடமை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் பொருள் கேட்டபோது, தோட்டத் தொழிலாளர் பலர் தம் சேமிப்பையும் காதிலும் கழுத்திலும் கிடந்ததையும் தாமே முன்வந்து கொடுத்தனர். செல்வர் சிலரை வற்புறுத்தி வாங்கியதும் உண்டு. எனினும், ஏழைத் தமிழனிடம் ஒரு படைக்காகப் பொருள் வேண்டும் என்று அவர் நேரில் வந்தே கேட்டார். கேட்டால் கொடுப்பான், கேளாமல் எடுத்தால் ஏமாறுவான். இரண்டும் செலவுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

கடல்கடந்த மற்றொரு விளைவையும் இங்கே கூறவேண்டும். மலாயாவின் ரப்பர் ஜப்பானியர் கையில் சிக்கியதும், அமெரிக்க சர்க்கார் யுத்தப் பணத்தைக் கொட்டிச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிற்று. 1941-இல் சில ஆயிரம் டன்னாக இருந்த அந்நாட்டுச் செயற்கை ரப்பர், 1945-இல் 7 லட்சம் டன்னுக்கு மேலாயிற்று. யுத்தம் ஓய்ந்தது, ஆலைகள் ஓயவில்லை. ஒரு நாட்டின் படைச்செலவு, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் பால்வெட்டுபவனுக்கு நிரந்தரப் போட்டியாளனை உண்டாக்கிவிட்டது.

கொரியாவில் குண்டு, சிரம்பானில் விலை

இதுவரை யுத்தம் எடுத்துக்கொண்டதைச் சொன்னோம். யுத்தம் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுதல் நேர்மையாகும்.

1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில்தான் 'மலாயா' கப்பல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை அடக்குவதற்குப் பணம் தேவைப்பட்டது. பொக்கிஷமோ யுத்தத்தால் மெலிந்திருந்தது. இந்நிலையில் 1950 ஜூன் 25 அன்று கொரிய யுத்தம் மூண்டது. வல்லரசுகள் ரப்பரை வாங்கிக் குவித்தன. 1949-இல் சராசரியாக ராத்தலுக்கு 38 காசாக இருந்த ரப்பர், 1950-இல் 1 வெள்ளி 8 காசாகவும், 1951-இல் 1 வெள்ளி 69 காசாகவும் ஏறிற்று. 1949-இல் 3 கோடி வெள்ளிக்கும் குறைவாக இருந்த ரப்பர் ஏற்றுமதி வரி, 1951-இல் 20 கோடிக்கு மேலாயிற்று.

கொரியாவில் விழுந்த குண்டுகளே மலாயாவில் அவசரகாலச் செலவுக்கு வழி செய்தன என்றால் அது மிகையன்று. தோட்டங்களில் கூலியும் ஏறிற்று. பல வீடுகளில் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை வந்தது, சைக்கிள் வந்தது. யாரோ எங்கோ மடிய, நம் அடுப்பில் உலை கொதித்தது. இதனை எண்ணும்போது மகிழ்வதா, வெட்குவதா என்று நெஞ்சம் தடுமாறுகின்றது. ஆனால் பால்வெட்டியவன் அந்த யுத்தத்தை மூட்டியவனல்லன். அவன் விற்ற பாலின் விலையை நிர்ணயித்தவனும் அல்லன்.

அந்த வாழ்வு எத்தனை நாள் நின்றது? கூலி ஏறும்போதே அரிசியும் துணியும் ஏறின. 1952-இல் ரப்பர் 96 காசுக்கு இறங்கிற்று. 1953-இல் 67 காசாயிற்று. கூலியும் பின்தொடர்ந்து இறங்கிற்று. அவசரகாலச் செலவு மட்டும் இறங்கவில்லை. 1953, 1954 ஆண்டுகளில் சர்க்காரின் வரவைச் செலவு விஞ்சியது. யுத்தத்தால் வரும் செழிப்பு வாடகை வண்டி போன்றது. ஏறியவன் இறங்கித்தான் ஆகவேண்டும், இறங்குமிடத்தை அவன் தீர்மானிக்க முடியாது. இவ்வேற்ற இறக்கத்தில் தனித்தனியே தவித்த தொழிலாளர் ஒன்றுசேர வேண்டும் என்று, சிரம்பானில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த பி. பி. நாராயணன் முதலியோர் உழைத்தனர். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

அவசரகாலத்தின் செலவு கணக்கேட்டில் மட்டும் நிற்கவில்லை. 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி, ஏறத்தாழ 5 லட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத்திலும் சுரங்கத்திலும் ஏறத்தாழ 6½ லட்சம் தொழிலாளர் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டனர். மாலை வந்தால் ஊரடங்கு. காலை வந்தால் வாசலில் சோதனை. வேலைக்காட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகவும் தடை. விடியுமுன் வெறுவயிற்றோடு மரம் வெட்டப் போனவளின் பசியை எந்த வரவு செலவுத் திட்டமும் எழுதவில்லை. காட்டுக்காரனுக்கும் அஞ்சி, காவற்காரனுக்கும் அஞ்சி வாழ்ந்த அப்பன்னிரண்டு ஆண்டுகளும் படைச்செலவே.

எஞ்சியது எது?

1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிந்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றபின் பிரிட்டனோடு செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தால், வெளிப்பகையைத் தடுக்கும் பாரத்தின் ஒரு பகுதியைப் பிறர் சுமந்தனர். அதனால் மிஞ்சியது சாலையாகவும் பள்ளியாகவும் நிலத்திட்டமாகவும் மாறிற்று. படைச்செலவு குறைந்தால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அவ்வாண்டுகள் சான்று. ஆயின், அப்பயனில் தோட்டத் தமிழர்க்குக் கிடைத்தது சிறிதே என்பதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் பலர் வேலையும் வீடும் இழந்ததும் அதே காலத்தின் உண்மையாகும்.

இனி, நம் மூன்றாம் கேள்விக்கு விடை காண்போம். 1912-இல் தீர்மானித்த கப்பல் 1948-இல் பழைய இரும்பாயிற்று. வாழைமர நோட்டு 1945-இல் காகிதமாயிற்று. முள்வேலி துருவேறி வீழ்ந்தது. இவற்றுள் சில தவிர்க்க இயலாதவையாக இருந்திருக்கலாம். அமைதிக்கு விலையுண்டு என்பதும் மெய்யே. ஆனால் சுட்ட ரவை மீண்டும் பயன் தராது. கட்டிய பள்ளி ஆண்டுதோறும் பயன் தரும். ஆதலால், தவிர்க்க இயலாத செலவைக்கூட அளந்து செய்வதே அரசின் அறிவுடைமை.

அக்காலங்களிலிருந்து நம்மிடம் எஞ்சியவை இரண்டு. ஒன்று, 1951 அக்டோபரில் தோன்றிய ஊழியர் சேமநிதி. அது கொரியச் செழிப்பு வாரிக் கொடுத்த தானமன்று. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்திச் சேர்த்தது. மற்றொன்று, அவசரகாலம் முடிந்த அதே 1960-இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டத் தொழிலாளர் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப்பணம் கட்டினர். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினர். கோடி வெள்ளி கொட்டிய கப்பலில் நம்மவர்க்கு ஒரு பலகையும் சொந்தமில்லை. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் ஒரு தோட்டமே சொந்தமாயிற்று. தீர்மானித்தவரும் கொடுத்தவரும் பயன்பெற்றவரும் ஒருவராகவே இருந்தமைதான் அவ்வேறுபாட்டின் காரணம்.

இன்று நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களத்தில் நின்றவரின் பேரர்கள் சிரம்பானிலும் நீலாயிலும் பட்டணவாசிகளாயினர். நம் முன்னோர்க்கு இல்லாத வாக்குரிமை நமக்கு உண்டு. ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படுகின்றது. பாதுகாப்புக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு, சுகாதாரத்துக்கு இவ்வளவு என்று பத்திரிகைகள் அச்சிடுகின்றன. அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சினிமாப் பக்கத்துக்குப் போவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது.

தோழர்களே! அந்தப் பக்கத்தில்தான் நம் அரிசி விலையும், நம் பிள்ளையின் பள்ளியும், நம் முதுமையின் சேமிப்பும் எழுதப்பட்டிருக்கின்றன. படிப்பகத்திலும் சங்கக் கூட்டத்திலும் அதனை உரக்கப் படியுங்கள். தீர்மானித்தவர் யார், கொடுப்பவர் யார், எஞ்சப்போவது என்ன என்று ஒவ்வொரு தொகைக்கும் நேராகக் கேளுங்கள். செக்ரோலில் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை நம் முன்னோர் படிக்க முடியவில்லை. நாம் படிக்கலாம்.